எங்கள் பஸ்ஸை இடித்த மாடு

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஒருநாள் காலையில் ஒரு மாடு இடித்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். தெருவில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கல்வி அலுவலகத்தில் ஏதோ ஒரு அலமாரியிலும் அப்படித்தான் எழுதிக் கிடக்கும். அந்த மாட்டைப் பார்க்காதவர்கள் அந்த பஸ்ஸுக்குள் இருந்த நாங்கள் மட்டும்தான்.

பள்ளிக்கூடம் ராயபுரத்தில் இருந்தது. கன்னியர்கள் நடத்தியது. நாங்கள் குடியிருந்தது திருவொற்றியூரின் வடக்குக் கோடியில். எண்ணூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளைகளையும் எங்களையும் அள்ளிக்கொண்டு போவதற்காக, மூக்கு நீண்ட ஒரு பழைய பஸ்ஸைப் பள்ளிக்கூடம் வாங்கியிருந்தது. முன்பு ஏதோ ஒரு கம்பெனிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போன வண்டி. மேலே பூசிய நீல வர்ணம் உரிந்த இடங்களில் பழைய மஞ்சள் தெரியும். உள்ளே ஏறினால் டீசல், எண்ணெய் தேய்த்த தலைகள், புளிசாதம், யாரோ ஒருத்தியின் டப்பாவில் வறுத்த நெத்திலி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் கூட்டமான பஸ்ஸில் எங்காவது அந்த வாசனையில் பாதி வந்தால் போதும், எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது.

பஸ்ஸை ஓட்டியவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவரும் எங்களை நைனா என்றே கூப்பிடுவார். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் ஆயா உண்டு. கதவோரம் தனக்கென்று போட்டிருந்த பலகையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அது யானைக்கால். அந்தக் காலை எங்களில் சின்னவர்கள் மாறி மாறிப் பார்ப்போம். அவள் அதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "நல்லா பார்த்துக்கோ, துட்டு ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பாள்.

எங்கள் வழியில் கம்பெனிகள் அதிகம். பெரிய ரயில்பாதையிலிருந்து பிரிந்து, ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போகும். சைடிங் என்பார்கள். அதில் கூட்ஸ் வண்டிகள் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மூடித் திறக்கும் கேட் ஒன்றும் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. கொடி பிடித்த ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சைடிங்கிலும் பஸ் நிற்க வேண்டும். ஒருவர் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விசில் ஊத வேண்டும். ஊதினால்தான் பஸ் நகரும்.

அது ஆயாவின் வேலை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவளால் ஒவ்வொரு சைடிங்கிலும் இறங்கி ஏற முடியவில்லை. அப்படித்தான் விசில் என் அக்காவின் கழுத்துக்கு வந்தது.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும். பஸ்ஸிலேயே பெரிய பெண் அவள். பச்சை ரிப்பனில் விசிலைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். ரிப்பனும் தாவணியும் கடல் காற்றில் படபடக்க, ஒரு கையால் இரண்டையும் அடக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு விசில். நைனா கியர் போடுவார். உள்ளே நாங்கள் எல்லோரும் சேர்ந்து "போலாம் ரைட்" என்று கத்துவோம்.

பெரியப்பா துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார். பெண் பிள்ளை டவுன் பஸ்ஸில் இடிபட்டுப் போய்ப் படிக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூட பஸ் வாசலுக்கு வருகிறது, ஆயா இருக்கிறாள், கன்னியர்களின் பொறுப்பு என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் அக்காவை அதுவரை விட்டுவைத்திருந்தார். வியாசர்பாடியில் ரயில்வேயில் வேலை செய்யும் ஒரு பையனின் ஜாதகம் மாதிரி ஒன்று, ஜாதகம் இல்லை, நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் அவனைப் பற்றிய தகவல்கள் எல்லாம் அவர் சட்டைப் பைக்குள் தயாராக இருந்தன. பஸ்ஸில் ஏதாவது ஒன்று என்றால் அன்றோடு படிப்பு நின்றது என்று சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி சொல்வார். பெரியம்மா தலையாட்டுவாள். அப்பா ஷிப்டு ஆள், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். அம்மா மட்டும் குழம்புக் கரண்டியோடு ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு பரிமாறுவாள். அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று நான் கேட்டதில்லை.

எனக்கு அதெல்லாம் புரியவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் என்றால் எனக்குப் பட்டுப் பாவாடை என்பதுதான் புரிந்தது. அந்தப் பையன் சீக்கிரம் வரட்டும் என்று ராயபுரம் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது நான் வேண்டிக்கொண்டது கூட உண்டு.

கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகாத நாட்கள். பனியோடு கம்பெனிப் புகையும் கலந்துகொண்டால் முன்னால் போகும் மாட்டு வண்டியின் லாந்தர்தான் தெரியும், வண்டி தெரியாது. அன்று காலையில் எங்கள் வீட்டைத் தாண்டியதும் வரும் சைடிங்கில் பஸ் நின்றது. அக்கா கையில் பூகோளப் புத்தகத்தோடு இறங்கினாள். தண்டவாளத்தைத் தாண்டிப் போய் நின்றாள். தூரத்தில், பெரிய ரயில்பாதைப் பக்கம், எஞ்சினின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது நின்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

எங்கள் பக்கத்து மனிதர்கள் ரயிலைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் பார்ப்பார்கள். ராத்திரியும் பகலும் எஞ்சின் மூச்சுவிடும் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள். எஞ்சின் நின்றால் ரயில் நின்றது என்று அர்த்தம். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்குத் தெரியாதது, அந்த எஞ்சின் சற்று முன்புதான் ஒரு வேகனைத் தட்டிக் கழற்றி விட்டிருந்தது என்பது. அது எஞ்சின் இல்லாமல், ஓசை இல்லாமல், பனிக்குள் தானாக உருண்டு வந்துகொண்டிருந்தது. கொடி பிடித்து முன்னால் வரவேண்டியவர் வேகனின் பின்னால் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா விசில் ஊதினாள். நாங்கள் கத்தினோம். பஸ் ஏறித் தாண்டியது. முக்கால்வாசி தாண்டிவிட்டது.

இடித்த சத்தம் எனக்கு நினைவில் இல்லை. பஸ் வாலை மட்டும் சுழற்றியது போல ஒரு பக்கமாகத் திரும்பியதும், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்ததும், என் வாயில் யாருடைய ஜடையோ இருந்ததும் நினைவிருக்கிறது. பிறகு ஜன்னலுக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு வேகன் மெதுவாக, மரியாதையாக, எங்களைக் கடந்து போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டிகளில் சிராய்ப்பு, ஒருத்திக்கு உதடு கிழிந்தது. பஸ்ஸின் பின்மூலை அப்பளம் போல நொறுங்கியிருந்தது. பின்பக்க ஏணியில் கம்பிக்கூடை ஒன்றைக் கட்டி, இடம் அடைக்காமல் இருக்க எங்கள் டிபன் டப்பாக்களில் முக்கால்வாசியை அதில்தான் வைப்போம். அந்தக் கூடை ஏணியோடு பிய்ந்து போய், டப்பாக்கள் சைடிங் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

நைனா கீழே இறங்கி, முதலில் எங்களைத் தலைதலையாகத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் அக்காவிடம் போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். விசில் இன்னும் வாயிலேயே இருந்தது.

"பார்த்துதான கண்ணு ஊதுன?"

"பார்த்தேன் நைனா. எஞ்சின் நின்னுக்கினு இருந்துச்சு" என்றாள். 

வேகன் பின்னாலிருந்து அந்தக் கொடிக்காரர் ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர். எங்களைப் பார்த்ததும் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்று நைனா சொன்ன பிறகும் அவர் எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். உனக்கு மட்டுமா போகும் என்று நைனா திருப்பிக் கேட்டார். அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு என்ன போகும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்த பெரிய பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

கதவருகே இருந்த ஆயாதான் வழி சொன்னாள்.

"மாடு இடிச்சிச்சுன்னு சொல்லு. இந்த ரோட்டுல மாட்டுக்கா பஞ்சம்?"

"மாடு எங்கனா பின்னால வந்து இடிக்குமா ஆயா?" என்றார் நைனா.

"ஏன் இடிக்காது? எங்க வூட்ல ஒண்ணு கீது. எப்பவும் பின்னால வந்துதான் முட்டும்."

அவள் வீட்டுக்காரரை எங்களுக்குத் தெரியும். உதடு கிழிந்தவள் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அது முடிவாகிவிட்டது. சிதறிக் கிடந்த டப்பாக்களைப் பெரிய பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். என்னுடையது மட்டும் முழுதாக இல்லை. மூடி மட்டும் தண்டவாளத்தின் மேல் ஒட்டிக் கிடந்தது. நான் பிய்த்து எடுத்தேன். காகிதம் போல மெலிந்து, கண்ணாடி போல மின்னியது. அம்மா அதில் பெயர் வெட்டி வைத்திருந்தாள். எழுத்துகள் எல்லாம் இழுபட்டு நீண்டு, கோணலாகச் சிரிப்பது போல இருந்தன. அவ்வளவு அழகான பொருள் என்னிடம் அதுவரை இருந்ததில்லை. யாருக்கும் காட்டாமல் பைக்குள் ஸ்லேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அந்த வருஷம் கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்க, நான் புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பொய் பாவம் என்று எங்கள் சிஸ்டர் அப்போதுதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். பஸ்ஸுக்குப் பொறுப்பும் அந்த சிஸ்டர்தான். பொய்யும் சொல்லாமல், அக்காவையும் காட்டிக் கொடுக்காமல் இருக்க ஒரே வழி வாயைத் திறக்காமல் இருப்பது என்று முடிவு செய்தேன். எட்டு வயதில் அதுவே எனக்குப் பெரிய தவமாக இருந்தது.

மாடு ஆளுக்கொரு நிறமாக வளர்ந்தது. நைனா கறுப்பு என்றார். ஆயா செவலை என்றாள். வீட்டில் பெரியப்பா அக்காவை உட்கார வைத்து, கொம்பு எவ்வளவு நீளம், கயிறு இருந்ததா, மணி கட்டியிருந்ததா என்று கேட்டார். அக்கா கொம்பு நீளம் என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸையே நொறுக்கும் மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டவன் யார் என்று அவருக்குக் கோபம் வந்தது. அது படிப்பின் மேல் திரும்பாமல் மாட்டின் மேல் திரும்பியதில் அக்காவுக்கு உயிர் வந்தது. பெரியப்பா நேரே போனது எங்கள் பால்காரரிடம். தெருவில் கொம்பு நீண்ட மாடு அவரிடம்தான் இருந்தது. பால்காரர் குவளையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"காலைல இருந்து என் மாடு வூட்டாண்ட கட்டித்தான் கீது சார். அது பஸ்ஸை இடிக்கிற அளவுக்கு நான் தீனி போட்டிருந்தா, உங்க வூட்டுப் பால்ல இவ்ளோ தண்ணி ஏன் ஊத்தப்போறேன்?"

அம்மா அன்று மாலை என் பையை எடுத்தாள். டப்பா எங்கே என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பையைக் கவிழ்த்தாள். ஸ்லேட்டோடு மூடியும் விழுந்தது.

தண்டவாளத்தில் காசு வைத்து, ஆணி வைத்து, நசுங்கியதும் பொறுக்கி விளையாடாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. அம்மாவும் கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்தவள். அவள் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இழுபட்ட எழுத்துகளைக் கட்டை விரலால் தடவினாள். அப்புறம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா எங்க நின்னுக்கினு இருந்தா?"

எங்கே என்று சொல்வது மாட்டைப் பற்றிப் பேசுவது ஆகாது என்று எனக்குத் தோன்றியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். அம்மா அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூடியை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. பெரியப்பா உள்ளே வந்து டப்பா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மாடு மிதித்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். என் அம்மா பொய் சொன்னதை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்கு அவள் ஆத்துமத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

இரண்டொரு நாளில் புதுநன்மைக் கவுனுக்கு அளவு கேட்க வேண்டும் என்று சொல்லி என்னோடு பஸ்ஸிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சைடிங் வரும்போதெல்லாம் ஜன்னல் வழியே தலையை நீட்டி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மாதா சிலை இருந்த கெபியின் பக்கத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, வராந்தாவில் சிஸ்டரோடு வெகுநேரம் பேசினாள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். கவுனுக்கு வாங்கிய துணியின் துண்டு என்று நினைத்தேன். துணி நன்றாக இல்லை போலிருக்கிறது, சிஸ்டர் அதைக் கையில் வாங்கியதும் முகம் வெளுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து எங்கள் பஸ்ஸில் சந்தோஷம் போய்விட்டது. சிஸ்டர் தினமும் வர ஆரம்பித்தாள். காலையில் வெறும் பஸ்ஸோடு எண்ணூர் வரை போய், எங்களோடு திரும்பி வருவாள். மாலையிலும் அப்படியே. நைனாவுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். மாங்காயும் உப்பும் நின்றுபோயின. சினிமாக் கதை நின்றது. "போலாம் ரைட்" நின்றது. நாங்கள் சத்தம் போடுவதாக யாரோ கோள் சொல்லித்தான் சிஸ்டரை அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம். யாரென்று கண்டுபிடிக்கக் கடைசி சீட்டில் ஒரு கூட்டமே நடந்தது. நானும் அதில் முக்கியமான ஆள்.

ஒவ்வொரு சைடிங்கிலும் சிஸ்டர் இறங்குவாள். வெள்ளை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தின் நடுவிலேயே போய் நிற்பாள். எஞ்சின் இருக்கும் பக்கம் வெகுநேரம் பார்ப்பாள், இல்லாத பக்கம் அதைவிட அதிக நேரம் பார்ப்பாள். பஸ் முழுவதும் தாண்டிப் போகும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள். அக்கா அந்தப் பக்கத்தில் நின்று சிஸ்டர் கை காட்டிய பிறகு ஊதுவாள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நேரம் கழித்துத்தான் போனோம். "சிஸ்டர் இப்டி நின்னா கூட்ஸே பயந்து திரும்பிப் பூடும்" என்று நைனா முணுமுணுப்பார். ஆனால் அவரும் அவள் ஏறி உட்காரும்வரை எஞ்சினை உறும விடமாட்டார்.

தவக்காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஆய்வாளர் வந்தார். குடையும், மூக்கின் நுனியில் கண்ணாடியும், கூட ஒரு குமாஸ்தாவும். வகுப்புகளை எல்லாம் பார்த்து முடித்துத் திரும்பும்போது முற்றத்தில் நின்ற பஸ் அவர் கண்ணில் பட்டது. நாங்கள் வீட்டுக்குப் போக வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பின்மூலையில் தகரம் வைத்துத் தட்டி, வேறு ஒரு நீலம் அடித்திருந்தார்கள். அவர் குடை நுனியால் அதைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். மாடு என்றார் நைனா. ஆய்வாளர் அந்த மூலையை ஒருமுறை, நைனாவை ஒருமுறை பார்த்தார். வரிசையில் ஆகச் சின்னவள் நான். என் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, நீ சொல்லு. எது இடிச்சுது?"

என்னை அதுவரை யாரும் நேராகக் கேட்டதில்லை. அம்மா கூட வேறு கேள்விதான் கேட்டாள். வாயை மூடிக்கொண்டிருப்பது இனி முடியாது என்று தெரிந்தது. பக்கத்தில் அக்கா நின்றாள். அவள் கை விசிலை இறுக்கிப் பிடித்திருந்த விதம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. நகங்கள் வெளுத்திருந்தன. நான் என் ஆத்துமத்தை நினைத்துக்கொண்டேன்.

"கூட்ஸ் வண்டி சார்."

 ஆயா பலகையில் காலை மாற்றி வைத்தாள். ஆய்வாளர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"கூட்ஸ் வண்டி இடிச்சிருந்தா நீ இங்க நின்னு பேசிக்கிட்டு இருப்பியாம்மா?"

சிஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் குரல் எப்போதையும்விடத் தணிந்திருந்தது. "அது புதுநன்மைக்குப் படிக்கிற குழந்தை, சார். பொய் சொல்லாது."

"பொய்யின்னு யார் சொன்னா சிஸ்டர்? கற்பனை. பெரிசானா கதை எழுதும் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நைனா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஆய்வாளர் குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, மாடு என்றே போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் என் தலையில் கை வைத்தாள். அடுத்த நாள் தன் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த மாதா படத்தை எனக்குக் கொடுத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

அந்த ஆத்திரம் என் முதல் பாவசங்கீர்த்தனம் வரை தீரவில்லை. கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம், டிரைவர் பொய் சொன்னார், ஆயா பொய் சொன்னாள், அக்கா பொய் சொன்னாள், அம்மா பொய் சொன்னாள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் பாவம் எதுவோ அதை மட்டும் சொல்லம்மா என்றார். நான் மட்டும்தான் சாமி உண்மை சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல் போல ஒரு சத்தம் வெகுநேரம் கேட்டது.

அக்கா பரீட்சை எழுதினாள். கடைசிப் பரீட்சைக்குப் போன அன்றும் விசில் அவள் கழுத்தில்தான் இருந்தது. நல்ல மார்க் வாங்கினாள். அதற்குப் பிறகு அம்மா சாப்பாட்டு நேரத்துப் பேச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்து, அவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப வைத்தாள். வியாசர்பாடிப் பையன் வேறு யாரையோ கட்டிக்கொண்டான். என் பட்டுப் பாவாடை தள்ளிப்போனதில் எனக்கு வருத்தம் இருந்தது.

இதையெல்லாம் நான் இவ்வளவு காலம் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். கல்யாணமாகி இதே திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். என் மகள் போன ஜூனில் அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே வழியில் வரும் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பஸ் புதுசு, மூக்கு இல்லாதது. முதல் நாள் அவளை ஏற்றிவிட அம்மாவும் வந்திருந்தாள். பஸ் போன பிறகு, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அந்த மூடி. கறுத்துப் போயிருந்தது, எழுத்துகள் மட்டும் அதே கோணலோடு இருந்தன.

"மாடு மிதிச்சா இப்படி ஆவுமா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வராந்தாவில் சிஸ்டரிடம் காட்டியது எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி சீட்டுக் கூட்டத்தில் நாங்கள் தேடிய ஆளும் யாரென்று தெரிந்தது.

அம்மா செய்தது சரியா என்று நான் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். ஒருநாள் சரி என்று படுகிறது. அக்கா வெள்ளை உடுப்பில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ரொம்பச் சரி என்று படுகிறது. மறுநாள் காலையில் பஸ் வரும் நேரத்தில் அந்த எண்ணம் நிற்பதில்லை. அன்று அந்த ஆய்வாளர் சிரிக்காமல் என்னை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்காவின் படிப்பு போயிருக்கும், நைனாவின் வேலை போயிருக்கும். அந்த சைடிங்குக்கு ஒரு கேட் வந்திருக்கும். வந்திருக்குமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. மாடு இடித்த இடத்தில் யார் கேட் போடுவார்கள்? இன்றுவரை அங்கே கேட் இல்லை. சிஸ்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாள். விசில் விதியைப் பற்றிக் கேட்டால் இப்போதிருக்கும் டிரைவர், அப்படி ஒன்று உண்டா அம்மா என்று என்னையே கேட்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தரம் எழுதலாமா, அடிக்கடி எழுதினால் அந்தக் கோபத்தை மகளிடம் காட்டுவார்களா என்று வேறு யோசனை.

அதனால் இப்போதைக்குக் காலையில் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் குறுக்குச் சந்து வழியே வேகமாக நடந்து, பஸ்ஸுக்கு முன்னால் சைடிங்குக்குப் போய்விடுகிறேன். கையில் ஒரு காய்கறிப் பை இருக்கும், பார்க்கிறவர்களுக்காக. தண்டவாளத்தின் நடுவில் நின்று எஞ்சின் இருக்கும் பக்கம் பார்க்கிறேன். இல்லாத பக்கம் அதைவிட அதிக நேரம் பார்க்கிறேன். பிறகு கையை உயர்த்திக் காட்டுகிறேன். டிரைவர் சிரித்துக்கொண்டே தாண்டுகிறார்.

ஜன்னலோரத்தில் என் மகள் முகம் பூரித்துக் கையை ஆட்டுவாள். அவளுடைய அம்மா மட்டும் தினமும் இவ்வளவு தூரம் ஓடிவந்து டாட்டா காட்டுவதாகப் பக்கத்தில் இருப்பவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.